ஐயாவின் கண்ணாடி

அம்மாவின் வலது பாதம் போனதற்கு எங்கள் சபையின் போதகர் ஐயாதான் காரணம். மன்னிக்கச் சொல்லி வேதம் சொல்கிறது, தெரியும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

குடவாசல் பக்கம் வாய்க்கால் ஓரத்தில், தகரக் கொட்டகை போட்ட சின்ன சபை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயா அம்மாவின் தலையில் கைவைத்து, கர்த்தர் இப்போதுதான் தனக்கு வெளிப்படுத்தினார் என்றார். "உங்க சக்கரை வியாதிய எடுத்துட்டார்மா. இனிமே மாத்திரை போட்டா அது அவிசுவாசம்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா மாத்திரைகளை வாய்க்காலில் கொட்டினாள். நான் கத்தினேன். உன் மாத்திரையைப் பற்றி வேதத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"ஆண்டவர் இன்னைக்கும் பேசுறவர்டி" என்றாள்.

அறுத்த வயலில் நெல் தாள் அம்மாவின் காலில் குத்திய புண் ஆறவே இல்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பாதத்தை எடுத்துவிட்டார்கள். பார்க்க வந்த ஐயா, அம்மாவின் விசுவாசம் குறைந்துவிட்டது என்று சொல்லி, ஜெபித்துவிட்டுப் போனார். அன்றைக்கே கறுவிக்கொண்டேன்.

எங்கள் சபையில் பிரசங்கத்துக்கு முன் சாட்சி நேரம் உண்டு. யார் வேண்டுமானாலும் மைக்கை வாங்கிப் பேசலாம். கர்த்தர் காட்டினார் என்று ஆரம்பித்தால் போதும், ஒருவரும் குறுக்கே கேள்வி கேட்க மாட்டார்கள். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளை நாற்காலியில் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, மைக்கை வாங்கினேன்.

"கர்த்தர் எனக்கு ஒண்ணு வெளிப்படுத்தினார். ஐயாவோட கண்ணு குணமாயிடுச்சு. இனிமே கண்ணாடி போட்டா அது அவிசுவாசம். கழட்டிட்டு இன்னைக்கு வேதத்தை வாசிக்கட்டும்."

கொட்டகை முழுக்க அல்லேலூயா சொன்னது. பச்சைப் பொய். எனக்குக் கொஞ்சமும் கூசவில்லை.

ஐயா சிரித்தார். நான் உட்காரவில்லை. எல்லோரும் அவரையே பார்த்ததால் கண்ணாடியைக் கழற்றி வேதத்தைத் திறந்தார். கிட்டே பிடித்தார், தள்ளிப் பிடித்தார். ஒரு வரி வரவில்லை.

"இது வேதத்துல எங்கம்மா இருக்கு?" என்றார் கோபமாக. "வேதத்தோட எதையும் கூட்டக் கூடாதுன்னு கடைசிப் பக்கத்துலயே எச்சரிச்சிருக்கு."

"எங்கம்மாவோட மாத்திரை எந்தப் பக்கத்துல இருந்துச்சுங்க ஐயா?"

இப்போது ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த மனிதர் இப்படியே, ஒன்றும் தெரியாமல், எல்லோர் முன்னாலும் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அப்போது அம்மா பேசினாள். "கண்ணாடிய போட்டுக்குங்க ஐயா. அவ ஏதோ கோவத்துல சொல்றா. அவ பேச்ச நம்பி கண்ணைக் கெடுத்துக்காதீங்க."

ஐயா போட்டுக்கொண்டார். அதன்பின் அம்மாவின் பக்கமே அவர் திரும்பவில்லை.

ஆட்டோவில் ஏற்றும்போது அம்மா என் கையைத் தட்டிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. அவள் அவருக்குச் சொன்ன 'போட்டுக்குங்க' என்ற அந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு அவர் அவளுக்குச் சொல்லியிருந்தால், நாங்கள் வரப்பு வழியே நடந்தே வீட்டுக்குப் போயிருப்போம்.