மாஸ்டர் கடலுக்குள் பார்த்த சிவப்பு

எங்கள் டையிங் மாஸ்டர் சண்முகம் போய்விட்டார். காலையில் நெஞ்சு வலி என்றாராம்... ஆஸ்பத்திரி வாசல்வரைகூடத் தாங்கவில்லை.

நம்பவே முடியவில்லை. நேற்று சாயங்காலம்கூட ஒரு நேவி ப்ளூ ஷேடுக்காக என்னோடு சண்டை போட்டார்.

நான் பனியன் கம்பெனியில் ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசர், அவர் சாயப்பட்டறை. வெளிநாட்டு பையருக்குப் போகிற துணி சாம்பிளை டியூப்லைட்டில் பார்த்து நான் ஓகே சொன்னால் போதும், கோபம் வந்துவிடும். "வாசலுக்கு வா கண்ணு. பகல் வெளிச்சத்துல பாக்காம எதையும் நம்பக்கூடாது."

கத்தரிக்காயைக்கூட கடைக்கு வெளியே எடுத்து வந்து பார்த்துத்தான் வாங்குவார்.

போன வருஷம் கம்பெனி டூர், அந்தமான். எல்லோருக்கும் ஒரே சிவப்பு டி-ஷர்ட், அவரே சாயம் போட்டது.

ஆழமில்லாத இடத்தில் மூழ்கிக் கிடக்கும் பழைய கப்பலைப் பார்க்க ஸ்கூபா டைவிங் என்றார்கள். கிணற்றில் நீந்திய தைரியத்தில் மாஸ்டர்தான் முதலில் பேர் கொடுத்தார்.

உள்ளே மீன் என்றால் அப்படி மீன்! கப்பல் ஜன்னலுக்குள் கூட்டமாக நுழைந்து அந்தப் பக்கம் வந்தன. மாஸ்டர் ஒன்றையும் பார்க்கவில்லை. தன் டி-ஷர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு போய் காபித்தூள் கலரில் இருந்தது.

பதறிப்போய் என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். கூட வந்த டைவிங் டிரெய்னர் டார்ச் அடித்தார். சிவப்பு திரும்ப வந்தது. பிறகு வெளிச்சத்தைக் கப்பல் பக்கம் திருப்பினார்... துருப்பிடித்த இரும்பு முழுக்கப் பவளம், சிவப்பும் ஆரஞ்சுமாக.

மேலே வந்ததும், தண்ணீர் சிவப்பு வெளிச்சத்தை உறிஞ்சிவிடும் என்று டிரெய்னர் சொன்னார். மாஸ்டர், "சாயம் போயிருச்சோன்னு உசுரே போயிருச்சு கண்ணு!" என்றார். அப்புறம் மெதுவாக, "இதை எங்க ஊட்டுக்காரிக்குக் காட்டோணும்."

அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, இதுவரை கடலையே பார்த்ததில்லை. வருகிற ஜனவரிக்கு இரண்டு பேருக்கும் அந்தமான் டிக்கெட் போட்டுவிட்டார். தண்ணீருக்குள் எரிகிற டார்ச்சும் வாங்கியாயிற்று.

மதியம் மாஸ்டரின் வேலம்பாளையம் வீட்டுக்குப் போனேன். ஹாலில் ஃப்ரீசர் பெட்டி, மேலே டியூப்லைட்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா திடீரென்று எழுந்தார். "இந்த வெளிச்சத்துல நான் பாக்க மாட்டேனுங்க... அவரை வாசலுக்குக் கொண்டாங்க."

நாலு பேர் பிடித்துத் தூக்கி வந்தார்கள். நல்ல வெயில். அக்கா குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார்... பார்த்துக்கொண்டே இருந்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, ஹாலுக்குள் வந்துவிட்டேன்.

அந்த டார்ச் ஷோகேஸில் இருக்கிறது. டப்பாவைக்கூடப் பிரிக்கவில்லை.

போயிட்டு வாங்க மாஸ்டர்...