ஏட்டில் இல்லாத வரி

பேட்டரித் தொழிற்சாலையின் மருத்துவ அறையில் பதிவேடு எழுதும் மனிதருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் சிவப்பு மை. உலைக்காரர்களுக்கும் தகடு வார்ப்பவர்களுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, எவ்வளவு ஈயம் ஏறியிருக்கிறதென்று பார்ப்பார்கள். எண் நாற்பது வரை இருந்தால் நீல மையில் எழுதுவார்; தாண்டினால் சிவப்பு. சிவப்பு விழுந்தவர் அது இறங்கும்வரை பெட்டி கட்டும் கொட்டகையில்தான் வேலை பார்க்க வேண்டும்.

உலைக்காரர்களில் மூத்தவன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. போன வருஷம் அவனுக்கு நாற்பத்தொன்று வந்தது.

"மாமா, ஒண்ணே ஒண்ணுதானே. கண்ணை மூடிக்கிட்டு நாற்பதுன்னு போடுங்க."

"ஒண்ணை விட்டா ஒன்பதும் பின்னாடியே வரும், மச்சான்."

மச்சான் கொட்டகைக்குப் போனான். அக்கா வீட்டுப் பக்கம் இரண்டு மாதம் எட்டிப் பார்க்கவில்லை.

அவரோ இருபத்திரண்டு வருஷத்தில் உலையைக் கண்ணால் பார்த்ததில்லை. வேலை முடிந்ததும் ஆட்கள் அப்படியே வந்து எண்ணுக்கு நேரே கையெழுத்திடுவார்கள். தாளில் சாம்பல் நிற விரல்தடங்கள் மேகம்போலப் படிந்திருக்கும். அவர் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு அந்த மேகங்களைப் புரட்டுவார். மதிய வெயில் மேசையில் சாயும்போது எண்கள் தாளைவிட்டு எழுந்து ஆட்களாகிவிடும். முப்பத்தெட்டு விந்தி விந்தி நடக்கும்; இருபத்தொன்று சீட்டியடித்தபடி ஜன்னல் வழியே மிதந்து போகும். பேனா நின்றுவிடும். வாயில் இரும்பைச் சப்பியதுபோல ஒரு ருசி. தனக்குக் கவிமனம் என்று அவர் நம்பியிருந்தார். அதை மறுக்க மனைவிக்கும் நேரமிருக்கவில்லை.

இந்த முறை ரத்தம் எடுத்து முடித்த செவிலியிடம் ஒரு குழாய் மிஞ்சியது.

"கையை நீட்டுங்கண்ணே. திருப்பி அனுப்புனா ஆயிரம் கேள்வி கேப்பாங்க."

அப்படிச் சும்மா போன ரத்தம் ஐம்பத்திரண்டோடு திரும்பி வந்தது. மச்சானுக்கு முப்பத்தாறு. சோதனைக்கூடம் உளறுகிறது என்றார். மறுபடி அனுப்பினார்கள், ஐம்பத்துமூன்று. அந்தத் தாளையும் அவர் விரலை நனைத்துத்தான் புரட்டினார். செவிலி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அண்ணே, அவங்கவங்க கை அழுக்கு அவங்கவங்களோட போச்சு. நீங்க ஒரு ஆளா எல்லாரோடதையும் நக்கியிருக்கீங்க."

கவிமனத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. செவிலி சாப்பிடப் போனாள்.

அவர் ஏட்டைத் திறந்தார். பொய் எழுத வேண்டிய அவசியமே இல்லை, அதுதான் சங்கடம். பதிவேடு எழுதுகிறவனுக்கு ஏட்டில் வரியே கிடையாது. பேசாமல் மூடி வைத்தால் அறையும் மேசையும் வெயிலும் அவருடையவை. எழுதினாலோ, அவர் கட்டிக்காத்த விதியே அவரை வெளியே தள்ளும். பக்கம் முழுக்க எண்கள் மூச்சுவிடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. எத்தனை பேரை இங்கிருந்து எழுப்பி அனுப்பியிருக்கிறார். ஒருவரையும் இவ்வளவு நேரம் யோசிக்க அவர் விட்டதில்லை.

அளவுகோலை வைத்துக் கடைசியில் கோடு கிழித்து ஒரு வரி சேர்த்தார். வேலை: பதிவேடு. ஐம்பத்துமூன்றைச் சிவப்பில் எழுதினார். இடமாற்றச் சீட்டில் 'கொடுத்தவர்' என்ற இடத்தில் ஒரு கையெழுத்து, 'பெற்றவர்' என்ற இடத்தில் இன்னொன்று. இரண்டும் கொஞ்சம் வேறு வேறாக விழுந்தன.

தன் நீல எண்ணுக்குக் கையெழுத்திட வந்த மச்சான் அடிவரியைப் படித்தான். இரண்டாம் முறையும் படித்தான்.

"பதிமூணைக் கழிச்சுப் போட்டிருக்கலாமே மாமா. வீட்டு ஆளுங்கதானே."

"பேச்சு இருக்கட்டும். முதல்ல கையைக் கழுவிட்டு வந்து ஏட்டைத் தொடு."

அந்த அறையில் இதுவரை யாரும் சொல்லாத வார்த்தை. மச்சான் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து கையெழுத்திட்டான். பிறகு அவருடைய பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டான்.

"வாங்க. கொட்டகையில எந்த மூலையில காத்து வரும்னு காட்டுறேன்."