துணிக்குப் பின்னால் பார்த்த படம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள் நான். கோர்வையாக எழுத வராது. பெயரும் வருசமும் மறந்து போகின்றன. என் எழுத்து இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அதற்குக் காரணம் உண்டு, கீழே வரும்.

இது நடந்தது போன தீபாவளிக்கு மறுவாரம், ஈப்போவில் என் மகன் வீட்டில். மத்தியானத்திலிருந்து மழை. வெளியே போக முடியாததால், மகன் டிவியில் ஒரு பழைய படத்தைத் தேடிப் போட்டான். வாள் சண்டை எல்லாம் உள்ள ராஜா ராணிக் கதை. சுங்காய் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் சின்ன வயதில் நாலைந்து தடவை பார்த்த படம்தான். பெயரைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எழுதாமல் விடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்குப் பிறவியிலேயே இடக்கைப் பழக்கம். சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் கைதான் தட்டுக்குப் போகும். அப்பா கரண்டிக் காம்பால் விரல் முட்டியில் ஒன்று வைப்பார். சில நாள் துண்டால் அந்தக் கையை இடுப்போடு சேர்த்துக் கட்டியும் விடுவார். அப்பா கெட்டவர் இல்லை. மரத்தில் பால் வெட்டும் கோடு ஒரே பக்கமாகத்தான் சாயும், கத்தியும் வலக்கைக்காரர்களுக்குத்தான் தோதாக இருக்கும். "பீச்சாங்கைய வச்சிக்கிட்டு மரத்தக் காயப்படுத்துனா, மண்டோர் ஒனக்கு மரமே குடுக்க மாட்டான்டி" என்பார். மண்டோர் என்றால் எங்களை வேலை வாங்கும் மேஸ்திரி. நான் மரம் வெட்டித்தான் பிழைக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அது அப்படியேதான் நடந்தது. வலக்கையால் வெட்டப் பழகி, இருபது வருசம் வெட்டினேன். மற்ற எல்லாவற்றுக்கும் இடக்கைதான்.

அப்பா அடிக்கும்போது அம்மா ஒரு வார்த்தை பேச மாட்டார். சோற்றுப் பானையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாதத்துக்கு ஒரு தடவை டவுனிலிருந்து வேனில் ஆள் வந்து படம் காட்டுவார். தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். துணிக்கு முன்னால், ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வீட்டாருக்கு நாற்காலி. மற்றவர்களுக்குச் சாக்கு, பாய். அப்பாவும் அக்காவும் அங்கே உட்காருவார்கள். அம்மா மட்டும் என் கையைப் பிடித்துத் துணிக்குப் பின்பக்கம் கூட்டிப் போவார். மெல்லிய துணி என்பதால் படம் அந்தப் பக்கமும் தெரியும். ஆனால் மெஷின் வெளிச்சம் நேரே கண்ணில் அடிக்கும், புல் ஈரமாக இருக்கும், எங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னை "பின்பக்கத்து ராணி" என்று கூப்பிட்டார்கள்.

அந்தப் படத்தில் ராஜகுமாரன் மாறுவேடத்தில் தாயின் குடிசைக்கு வந்து சோறு சாப்பிடுவார். இடக்கையால் சாப்பிடுவார். எனக்கு அந்தக் காட்சி ஒன்றே போதும். அது வரும்போது அம்மா என் இடக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வார். மறுநாள் பள்ளியில் "அவரும் என்னை மாதிரிதான்" என்று சொல்லப் போய், பொய்க்காரி என்று பெயர் வாங்கினேன்.

கொஞ்சம் வளர்ந்ததும் எனக்கு வேறு மாதிரித் தோன்றிவிட்டது. இந்தக் கையோடு என்னை நாலு பேர் முன்னால் உட்கார வைக்க அம்மாவுக்கு வெட்கம், அதனால்தான் பின்னால் கொண்டுபோய் ஒளித்தார், மடியில் வைத்துக் கையையும் மறைத்தார் என்று முடிவு கட்டினேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. கலியாணமாகி ஈப்போ வந்த பிறகு அம்மாவைப் பார்க்க அதிகம் போகவில்லை. கடைசிக் காலத்தில் அவர் சுங்காயில் அக்கா வீட்டில் படுத்துக்கிடந்தார். ஒரு நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது என் இடக்கையைத் தேடிப் பிடித்தார். தண்ணீர் எடுக்கப் போவதுபோல் நான் கையை இழுத்துக்கொண்டேன்.

இப்போது டிவிக்கு வருகிறேன். குடிசைக் காட்சி வந்தது. ராஜகுமாரன் வலக்கையால் சாப்பிட்டார்.

"இது அந்தப் படம் இல்லப்பா. அவரு பீச்சாங்கைக்காரரு. யாரோ மாத்தி வச்சிருக்காங்க" என்றேன்.

"அவரு கைய யாரும்மா மாத்தப் போறா? ஒங்களுக்குத்தான் ஞாபகம் தப்பிப்போச்சுலா" என்று மகன் சிரித்தான். மருமகளும் சிரித்தது.

"நான் துணிக்குப் பின்னாலருந்துதான் பார்த்தேன்" என்று மட்டும் சொன்னேன். மகன் சிரிப்பை நிறுத்தினான். போனில் அதே காட்சியைப் போட்டு, நிலைக்கண்ணாடிக்கு முன்னால் பிடித்தான். "இப்பக் கண்ணாடியில பாருங்க."

கண்ணாடியில் ராஜகுமாரன் இடக்கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் போட்டேன். "படம் காட்டுறப்ப முன்னால எடம் இல்லாமயா நானும் அம்மாவும் பின்னால ஒக்காந்தோம்?" என்று கேட்டேன்.

"எடமா? அப்பா ஒங்க ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் சாக்கு விரிப்பாரு. அம்மாதான் ஒன்ன இழுத்துக்கிட்டுப் போயிருவாங்க. ஏன்னு நான் ஒரு தடவ கேட்டேன். 'முன்னால பாத்தா அவரு ஒங்கப்பா மாதிரி சாப்புடுறாரு, பின்னால பாத்தா சின்னவ மாதிரி சாப்புடுறாரு, அவ பாக்கட்டும்'னாங்க."

"இத ஏங்கா எங்கிட்டச் சொல்லல?"

"நீ எங்க கேட்ட? அம்மா பேச்ச எடுத்தாலே அடுப்புல கொழம்பு கொதிக்குதுன்னு போன வச்சிருவ."

அது உண்மைதான். இந்தத் தடவையும் வைத்துவிட்டேன். பிறகு போய்த் தேநீர்க் கோப்பைகளைக் கழுவினேன். எந்தக் கையால் கழுவுகிறேன் என்று பார்த்துக்கொண்டே கழுவினேன்.

அம்மா போய்ப் பல வருசம் ஆகிவிட்டது. இனி அவரிடம் போய்ச் சொல்ல வழியில்லை. அப்பாவை எதிர்த்துப் பேச முடியாத ஒரு பெண், தன் பிள்ளைக்காக ஈரப்புல்லில் கண் கூச உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு இத்தனை வயதில்தான் தெரிந்தது.

அந்தக் காலத்தில் துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், நான் எழுதியதைக் கொஞ்சம் சரிபார்க்க வேண்டும். மாதம் ஒரு தடவைதான் படம் காட்டினார்களா, குடிசைக் காட்சி படத்தில் முன்னாலேயே வருமா பின்னால் வருமா என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. தப்பாக இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். அம்மா என் கையை ஒளிக்கவில்லை என்பதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.