ஊறுகாய்க்காரிக்கு விழுந்த ஆறு சுக்கு

எனக்கு எழுபத்தொன்பது வயசு நடக்கிறது. வளர்த்தது ஐந்து பேரை. மூன்று என் வயிற்றில் பிறந்தது, இரண்டு என் நாத்தனார் விட்டுவிட்டுக் கண்மூடியது. ஐந்து பேரும் நன்றாக இருக்கிறார்கள். ஒருத்தரும் என்னைத் தலைகுனிய வைக்கவில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது பிள்ளைகளைப் பற்றி இல்லை, ஒரு கொலைகாரியைப் பற்றி. அவள் நிஜத்தில் இருந்தவள் இல்லை, பத்திரிகைத் தொடர்கதையில் வந்தவள். அவளைத் தூக்கில் போடக் கூடாது என்று கொச்சி மட்டாஞ்சேரியில் இருந்து மெட்ராசுக்கு எழுதிப் போட்டவள் நான். எழுத்துக்கூட்டிப் படிக்கிற நான்.

அப்போது என் கடைசிப் பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான். எழுபதுகள் முடியப் போகிற சமயம். நான் சுக்குக் கிடங்கில் வேலை செய்தேன். ஒன்பது பெண்கள் ஒரே வரிசையில் உட்காருவோம். ஆளுக்கொரு குவியல், ஆளுக்கொரு முறம். சொத்தையை எடுத்து, தூசி தட்டி, பெரிசு சின்னது பிரித்துப் போட வேண்டும். பக்கத்து அறையில் மிளகு. உள்ளே வந்த புதுசில் எல்லாருக்கும் தும்மல் வரும், அப்புறம் மூக்கு பழகிவிடும்.

பள்ளிக்கூடம் போனது இரண்டே வருஷம், அதுவும் மலையாளம். தமிழில் என் அப்பா உயிரெழுத்தைக் காட்டித் தந்தார். மிச்சத்தைப் பொட்டலக் காகிதத்திலும் சினிமா நோட்டீசிலும் பார்த்துப் பார்த்து நானே பிடித்துக்கொண்டேன். எங்கள் வரிசையில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாயா குடித்த பிறகு நான் வாசிப்பேன். நான் வாசிக்கிற நேரத்துக்கு என் குவியலை மற்ற எட்டுப் பேரும் கைக்குக் கொஞ்சமாக இழுத்துக்கொள்வார்கள். யாரும் பேசி வைத்தது இல்லை, தானாக அப்படி ஆகிவிட்டது.

பத்திரிகை தருகிறவள் கிடங்குக்கு எதிர்மாடியில் இருந்த கணக்கர் வீட்டு மாமி. பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ். தான் படித்து முடித்ததும் ஜன்னல் வழியாகக் கூப்பிடுவாள். "மடங்காம கசங்காம திருப்பித் தரணும். சுக்குக் கையால தொடாதே" என்பாள். நான் முந்தானையில் கையைத் துடைத்துக் காட்டிவிட்டுத்தான் வாங்குவேன்.

கதையில் வந்தவளுக்கு ஒரு பெரிய வீடு. அந்த வீடு தனக்கு மட்டும் வேண்டும். புருஷனுடைய சொந்தக்காரர்கள் ஒவ்வொருத்தராகப் பங்கு கேட்டு வருவார்கள். வருகிறவர்களுக்கு எலுமிச்சை ஊறுகாயில் எதையோ கலந்து வைப்பாள். ஆனால் அவள் நினைத்த ஆள் ஒருநாளும் சாக மாட்டான். மச்சாண்டாருக்கு வைத்ததை ராத்திரி திருட வந்தவன் தின்றுவிட்டு கிணற்றடியில் விழுந்து கிடப்பான். போலீஸ் வந்து, திருடனைப் பிடித்த வீரப் பெண்மணி என்று அவளுக்கே மாலை போடும். மாலையை மோந்து பார்த்து, "நேத்துப் பூ" என்பாள் அவள்.

இப்படி ஒரு பெண். சாவு வீட்டுக்குப் போவாள், ஒரு கண்ணால் அழுவாள், மறு கண்ணால் பூக்காரன் முழம் சரியாகப் போடுகிறானா என்று பார்ப்பாள். காப்பி தண்ணியாக இருக்கிறது என்று இழவு வீட்டுக்காரியிடமே சொல்வாள். பக்கத்து வீட்டுக்கு ஒரு கறிவேப்பிலை கொடுக்க மாட்டாள். அழகும் இல்லை. அவள் பெயரை நாங்கள் சொல்வதில்லை. எங்களுக்கு அவள் ஊறுகாய்க்காரி.

"கட்டையில போறவ! இவளுக்கு ஒரு சாவு வராதா?" என்பாள் என் வலதுபக்கத்து அக்கா.

"வந்தா கதை முடிஞ்சிடும்க்கா" என்பேன் நான்.

"முடியட்டும். இந்த மாதிரி ஒருத்தி எங்க தெருவுல இருந்தா வெளக்கமாத்தாலயே..."

"இருக்காளே. உங்க மாமியா."

எல்லாரும் சிரிப்போம். அக்காவும் சிரிப்பாள். சிரித்துவிட்டு மறுபடி திட்டுவாள்.

பள்ளுருத்தியில் இருந்து வருகிற சேச்சி ஒருத்தி இருந்தாள், மலையாளத்துக்காரி. தமிழ் கேட்டால் நன்றாகப் புரியும். தினமும் மத்தியானச் சோற்றுக்கு மாங்காய் அச்சாறு, அதாவது ஊறுகாய், கொண்டுவந்து எல்லாருக்கும் வைப்பாள். இந்தக் கதை ஆரம்பித்து ஆறாவது வாரம், அவள் கிண்ணத்தைத் திறந்ததும் வரிசை முழுக்க இலையைப் பின்னால் இழுத்துக்கொண்டது. விளையாட்டுக்குத்தான். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஞான் விஷம் வெச்சிட்டுண்டோ? எட்டு கொல்லமா தின்னல்லோ, ஆராவது செத்தோ?" எட்டு வருஷமாகத் தின்கிறீர்களே, யாராவது செத்தீர்களா என்றாள்.

"சேச்சி, கதையிலயும் அவ அப்படித்தான் கேப்பா" என்றேன் நான். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள் செவ்வாய்க்கிழமை. கதை கேட்க வேண்டுமே, பேசிவிட்டாள்.

ஒரு வாரம் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அந்த வாரம் கொலை ஒன்றும் இல்லை. ஊறுகாய்க்காரி சமைத்து முடிப்பாள். அடுப்பில் இருந்து சோற்றை இறக்குவாள். வீட்டில் ஆம்பளைகள் எல்லாம் இருப்பார்கள். அவள் ஒரு தட்டை எடுத்து, மேலாக உள்ள நல்ல சோறாகப் பார்த்துத் தனக்குப் போட்டு, நெய் ஊற்றி, உட்கார்ந்து சாப்பிடுவாள். சாப்பிட்டுவிட்டுத்தான் மற்றவர்களைக் கூப்பிடுவாள். அவ்வளவுதான். அதை வாசித்துவிட்டு நான் நிமிர்ந்து பார்த்தேன். ஒரு முறமும் அசையவில்லை. அப்புறம் அக்கா, "கொழுப்பு" என்றாள், மெதுவாக.

கொலையை நான் மெச்சுகிறவள் இல்லை. ஆனால் எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. கெட்டவள் என்று தெரிந்தேதான் பிடித்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பத்திரிகையில் ஒரு கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். இப்படிப்பட்டவளைக் கதாநாயகியாக்கி எழுதலாமா என்று கண்டித்துக் கடிதங்கள் வந்து குவிகிறதாம். வாசகர்கள் விரும்பினால் அடுத்த மாதமே அவளைப் பிடித்துத் தூக்கில் போட்டுக் கதையை முடித்துவிடுவார்களாம். உங்கள் தீர்ப்பை எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

எனக்கு இரண்டு கவலை வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை போய்விடும் என்பது ஒன்று. இன்னொன்று, அவளைத் தூக்கில் போடுகிறதை என் வாயால் நான் வாசிக்க வேண்டும். என்னால் முடியாது.

"போடட்டும், போடட்டும்" என்றாள் அக்கா. ஒவ்வொருத்தியாக அதையே சொன்னார்கள். சேச்சி கழுத்தில் கையை வைத்து இழுத்தே காட்டினாள். வேண்டாம் என்று சொன்னது நானும், கடைசியில் உட்கார்ந்திருந்த புதுக் கல்யாணக்காரி ஒருத்தியும். அவள் எல்லாவற்றுக்கும் சிரிக்கிறவள், அவள் பேச்சு கணக்கில் வராது.

எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. வாயால் பேசினால் சண்டை வருகிற விஷயம் என்றால் நடுவில் ஒரு முறத்தை வைப்போம். புதுசாக ஒருத்தியை வரிசையில் சேர்ப்பதா, கதவோரக் காற்று யாருக்கு, எல்லாம் அப்படித்தான். சரி என்றால் ஒரு துண்டு சுக்கு, கூடாது என்றால் ஒரு மிளகு. முறத்தில் சாக்கை விரித்து, மேலே துண்டைப் போட்டு மூடி, அடியில் கையை விட்டுப் போட வேண்டும். சாக்கு எதற்கென்றால், வெறும் முறத்தில் சுக்கு விழுந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

"முறம் வைங்க" என்றேன்.

"எதுக்குடி? எல்லாரும் சொல்லியாச்சே."

"நாம எழுதறது மெட்ராசுக்குப் போகுது. முறையா இருக்கட்டும். உயிரோட விடணும்னா சுக்கு, தூக்குன்னா மிளகு."

ஒன்பது கையும் உள்ளே போய் வந்தது. துண்டை நான்தான் எடுத்தேன். மூன்று மிளகு. ஆறு சுக்கு.

ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பார்க்கவில்லை. சேச்சி மட்டும், "ஆரோ மாறி இட்டு" என்றாள், யாரோ மாற்றிப் போட்டுவிட்டார்களாம். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு சொத்தை பொறுக்க ஆரம்பித்தாள். வாயால் தூக்கு கேட்டவர்களில் நாலு பேர் கையால் உயிர்ப்பிச்சை போட்டிருந்தார்கள். அந்த நாலு பேர் யார் என்று நான் கேட்கவே இல்லை. கேட்காமல் விட்டதைப் பெரிய விஷயமாகத்தான் நினைக்கிறேன்.

சும்மா எழுதினால் நம்புவார்களா? ஒன்பது பேர் கைநாட்டு வைத்தால்கூட, நானே வைத்தேன் என்பார்கள். அதனால் விழுந்த ஓட்டுகளையே அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். அவர்களே எண்ணிப் பார்க்கட்டும். ஆறு சுக்கையும் மூன்று மிளகையும் காகிதத்தில் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்தால், வாசலில் மேற்பார்வை சேட்டன் நிற்கிறான். போகும்போது எங்கள் முந்தானையைத் தட்டிப் பார்ப்பது அவன் வேலை.

"இது எந்தா?"

"ஓட்டு, சேட்டா."

"ஓட்டோ?"

விஷயத்தைச் சொன்னேன். அவனும் வாராவாரம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவன்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. உள்ளே போய் ஒரு மிளகு எடுத்துவந்தான். "எண்டே வகை இதும் வெச்சோ. அவளைத் தூக்கணும். எனிக்கும் ஒரு பாரியை உண்டு." அவன் பங்குக்கு அதையும் வைக்க வேண்டுமாம், அவனுக்கும் பெண்டாட்டி இருக்கிறாளாம்!

மிளகை அவன் கையிலேயே திருப்பி வைத்தேன். "வரிசையில உக்காந்தவங்களுக்குத்தான் ஓட்டு, சேட்டா." முறைத்தான். ஆனால் விட்டுவிட்டான்.

மாமியிடம் போய், "மாமி, பத்திரிகை விலாசம் கவர்ல எழுதித் தாங்கோ, என் கையெழுத்து தபால்காரருக்குப் புரியாது" என்றேன்.

மாமிக்கு சந்தோஷம். "நீயும் எழுதறியா? எழுது, எழுது. நான் போன வாரமே போட்டாச்சு. தூக்குல போட்டாத்தான் நாலு பொம்மனாட்டிக்குப் புத்தி வரும்னு." முத்துமுத்தாக விலாசம் எழுதித் தந்தாள். கவரை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன்.

கடிதத்தை நானே எழுதினேன். மூன்று காகிதம் கிழித்தேன். என் பிள்ளைகள் மலையாளப் பள்ளிக்கூடம், அதில் அவர்கள் உதவி இல்லை. கடைசியில் இவ்வளவுதான் எழுதினேன்: "நாங்கள் ஒன்பது பேர். இதில் இருக்கிற சுக்கு எல்லாம் அவள் சாகக் கூடாது என்று. மிளகு எல்லாம் சாக வேண்டும் என்று. எண்ணிக்கொள்ளவும். அவள் நல்லவள் இல்லை. எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் விடவும்." கீழே, மட்டாஞ்சேரி சுக்குக் கிடங்குப் பெண்கள் என்று போட்டேன்.

மூன்று செவ்வாய் போயிற்று. நாலாவது செவ்வாய் மாமி ஜன்னலில் கூப்பிடவில்லை. கீழே இறங்கி, கிடங்கு வாசலுக்கே வந்துவிட்டாள், கையில் பத்திரிகையோடு.

"அடிப்பாவி! என் கையாலேயே விலாசம் எழுதி வாங்கிண்டு போனியே!"

வரிசை முழுக்க எழுந்து நின்றது. கடிதப் பக்கத்தில் எங்கள் கடிதம் அச்சாகி இருந்தது. சேட்டன்கூட உள்ளே வந்தான். நான் வாசித்தேன். என் சொல்லை அச்செழுத்தில் நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். அடியில் ஆசிரியர் இப்படி எழுதியிருந்தார்: கொச்சிச் சகோதரிகள் ஒரு பிடி சுக்கும் கொஞ்சம் மிளகும் அனுப்பியிருக்கிறார்கள், அதைக் காப்பியாக வைத்துக் குடித்ததில் எங்கள் கதாசிரியரின் ஜலதோஷமும் தீர்ந்தது, தூக்குக் கயிறும் தீர்ந்தது, தொடர் தொடரும்.

சேச்சி கையைத் தட்டினாள். அக்கா, "தப்பிச்சிட்டாளா, சண்டாளி" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மாமி என்னை முறைத்துக்கொண்டே நின்றாள், பத்திரிகையை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை. "நீயே வெச்சுக்கோ, உன் பேர் வந்த புஸ்தகம்" என்றாள். என் பேர் அதில் வரவில்லை. பரவாயில்லை.

கதை அதற்குப் பிறகு பதினோரு வாரம் நடந்தது. ஊறுகாய்க்காரி கடைசியில் வேறு ஊருக்குப் பஸ் ஏறிப் போய்விட்டாள். எங்கள் கடிதத்தால்தான் என்று நான் சொல்வேன். இல்லை என்று சொல்கிறவர்கள் ஆதாரம் காட்டட்டும்.

ஒன்று மட்டும் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. ஒரு பிடியாம், கொஞ்சமாம்! எண்ணிக்கொள்ளவும் என்று எழுதித்தானே அனுப்பினேன்? எண்ணாமலே காப்பி போட்டுக் குடித்துவிட்டார்கள். ஒன்பது பெண்கள் ஒளித்துப் போட்ட ஓட்டு. அதன் கணக்கு எங்கேயாவது சரியாக எழுதியிருக்க வேண்டும் என்றுதான் இந்த வயசில் பேனாவைப் பிடித்தேன்.

பேத்தி, இங்கே வந்து உட்கார். உனக்கும் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், தெரியும். மெதுவாகவே வாசி, எனக்கு அவசரம் இல்லை. முதலில் அந்த முறம் திறந்த இடத்தை வாசி. ஆறு, மூன்று என்றுதானே எழுதியிருக்கிறேன்?