ஏட்டம்மா வளர்த்த ஹாம்ஸ்டர்

சீசன் கூட்டம் நெரியும் நாளில் குற்றாலம் பேரருவிக்குப் போனால், பெண்கள் குளிக்கும் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழும். "ஏட்டி, பச்சச் சேலை! குளிச்சது போதும், வெளிய வா!" அருவிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கிற அந்தக் குரல் என் மனைவி, போலீஸ் ஏட்டு ஆனந்தவள்ளியுடையது. மைக் கொடுத்தாலும் வாங்கமாட்டாள். அதில் எனக்கு ரொம்பப் பெருமை. வீட்டிலும் அதே குரல்தான் என்பதில் மட்டும் கொஞ்சம் சங்கடம்.

எங்கள் மகள் சுகந்தி ஆசைப்பட்டு ஒரு ஹாம்ஸ்டர் வாங்கினாள். உள்ளங்கையில் அடங்குகிற, தவிட்டு நிறத்தில் ஒரு குட்டை எலி. மொச்சை என்று பேர் வைத்தாள். வாங்கிய மூன்றாம் நாளே கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. ஹாஸ்டலில் இதையெல்லாம் விடமாட்டார்கள். கிளம்பும்போது கூண்டை என்னிடம் கொடுத்தாள்.

"அப்பா, நீங்களே பாத்துக்கிடுங்க. அம்மா கத்துனா இது பயந்தே செத்துரும். அடுத்த மாசம் வருதேன். அதுக்குள்ள பழகலன்னா என் ஃப்ரெண்டு ஸ்ரீவித்யாட்ட குடுத்துருவேன்."

அடுப்படியில் நின்ற ஆனந்தவள்ளி காதில் இது விழுந்துவிட்டது. மகளை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும், "நான் வளத்தா செத்துருமாமே?" என்று கேட்டுக் கூண்டைப் பிடுங்கிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. பெற்ற மகளே நம்பவில்லை என்றால் யாருக்குத்தான் வலிக்காது?

கூண்டைத் திறந்து, "ஏலே மொச்ச, வெளிய வாலே!" என்றாள். அருவிக்கரைப் பழக்கம். அது மரச்சீவலுக்குள் புகுந்துகொண்டு அன்று முழுக்கத் தலைகாட்டவில்லை.

அதற்குப் பிறகுதான் என் வீடு வேறு வீடானது. ஹாம்ஸ்டரை எப்படி வளர்ப்பது என்று சுகந்தி எழுதிவைத்துவிட்டுப் போன தாளை ஆனந்தவள்ளி ஸ்டேஷன் உத்தரவு மாதிரி பின்பற்றினாள். ஒரு வாரம் தொடக்கூடாது என்றால் தொடக்கூடாது. நான் வேலை பார்ப்பது செங்கோட்டையில் ஒரு மரக்கடையில். அங்கிருந்து தூசி இல்லாத சீவலாகச் சலித்துக் கொண்டுவரச் சொன்னாள். வாசனை பழகட்டும் என்று தன் கைக்குட்டையைக் கூண்டுக்குள் போட்டாள். காலமெல்லாம் விசில் ஊதியவள் குக்கர் விசிலுக்குப் பயந்து சோற்றைப் பானையில் வடித்தாள். என்னைக் கூப்பிடக்கூடக் கையைத் தட்டவில்லை, பக்கத்தில் வந்து தோளைத் தொட்டாள்.

டியூட்டி முடிந்து வந்ததும், சுந்தரபாண்டியபுரத்திலிருந்து வாங்கிவந்த சூரியகாந்தி விதை ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் கூண்டுக்குள் நீட்டி அசையாமல் இருப்பாள். பதினோராம் நாள் அது எட்டிப்பார்த்தது, விதையைக் கவ்வியது, ஓடிவிட்டது. "எடுத்துட்டுங்க" என்று என் காதோரம் கிசுகிசுத்தாள். பதவி உயர்வு வந்தபோதுகூட அவள் முகம் அப்படி மலரவில்லை.

அப்புறம் அந்தத் தப்பு நடந்தது. சாரல் ஆரம்பித்தது. எங்கள் ஊரில் விருந்தாளி வந்தால் முதலில் ஜன்னலோரம் உட்காரவைப்போம், சாரல் காற்றுப் படட்டும் என்று. ஆனந்தவள்ளியும் மொச்சையை மேற்கு ஜன்னலடியில் வைத்தாள். "பாவம், இதும் அனுபவிக்கட்டும்" என்று சொல்லி டியூட்டிக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வந்து பார்த்தால் சீவல் நனைந்து கிடக்கிறது. மொச்சை உருண்டையாகச் சுருண்டு, சில்லிட்டு, விறைத்துப் போயிருந்தது.

நான் மண்வெட்டியை எடுத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

"அத கீழ வைங்க" என்றாள். சத்தமே இல்லை. ஈர யூனிஃபார்மை மாற்றிவிட்டு, அதைத் துடைத்து இரண்டு கைக்குள்ளும் பொத்தி, மடியில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலோடு உட்கார்ந்தாள். "வந்துரு மொச்ச, நான் கத்தமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். மீசை லேசாகத் துடித்தது. எத்தனையோ பேரை அதட்டியவள், விரலிடுக்கில் ஒரு மூக்கு அசைந்ததற்கு விம்மி அழுதாள். நானும்தான்.

சொன்ன மாதிரியே அடுத்த மாதம் சுகந்தி வந்தாள். ஆனந்தவள்ளி கூடத்தில் தரையில் உட்கார்ந்து கூண்டைத் திறந்து, "மொச்ச, வா" என்றாள். அது நேரே வந்து உள்ளங்கையில் ஏறி, விதையைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு அங்கேயே இருந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மகளைப் பார்த்தேன்.

ஸ்ரீவித்யாவிடம் கொடுக்கிற பேச்சையே சுகந்தி எடுக்கவில்லை. வாசல்படியை விட்டு நகராமல், "எங்கிட்ட ஒருநாளும் இப்படிப் பேசுனதில்லயேம்மா" என்றாள்.

ஆனந்தவள்ளி கையிலிருந்ததை மெல்ல மடியில் இறக்கிவிட்டாள்.

"நீயும் பயந்தியாட்டி?"

"சின்னப் பிள்ளைல."

"இங்கன வா" என்றாள் ஆனந்தவள்ளி, மொச்சையைக் கூப்பிட்ட அதே குரலில். சுகந்தி பையைக்கூடக் கீழே வைக்காமல் போய் அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.