அவர் காதில் விழாத ‘வேணாம்’

சில ஆண்டுகளுக்கு முன், கோடை தொடங்கிய நாட்களில் ஒரு காலையில் நடந்தது இது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், மெக்னீசியத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியின் லேபில் அப்போது எனக்கு வேலை.

கடைசல் வேலையில் விழும் மெக்னீசியச் சீவல்களைச் சாக்கில் கட்டிப் பின்பக்கக் கொட்டகையில் அடுக்கியிருப்பார்கள். அன்று பக்கத்தில் வெல்டிங் நடந்தபோது பொறி தெறித்து ஒரு சாக்கு பற்றிக்கொண்டது. கண் கூசும் வெள்ளை வெளிச்சம். லேப் ஜன்னலில் பார்த்ததும் எழுந்து ஓடினேன்.

எரியும் மெக்னீசியத்தில் தண்ணீர் படவே கூடாது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நேர்மின் தன்மை மிகுந்த உலோகம் அது. தன்னிடம் உள்ள எலக்ட்ரான்களைக் கொடுத்துவிடத் துடிக்கும். ஆக்சிஜனோ எலக்ட்ரான்களை இழுப்பதில் கெட்டி. தண்ணீரை ஊற்றினால், அதற்குள் இருக்கும் ஆக்சிஜனையே மெக்னீசியம் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சுகிற ஹைட்ரஜன் வெடிக்கும். எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் இது தெரியும். வெல்டர் மணல் வாளி எடுக்கத்தான் ஓடியிருந்தார்.

ஆனால் அட்டைப்பெட்டி இறக்க வந்திருந்த வேன் டிரைவருக்குத் தெரியாது. ஆரம்பாக்கத்துக்காரர். எங்கள் கம்பெனிக்கு அன்றுதான் முதல் தடவையாக வந்திருந்தார். தீயைப் பார்த்ததும் ஒதுங்கிப் போகாமல், அணைக்க ஏதாவது கிடைக்குமா என்று சுற்றுமுற்றும் தேடிக்கொண்டிருந்தார். கம்ப்ரஸர் இரைச்சலுக்கு நடுவே நான் கையை ஆட்டிக்கொண்டே, “தண்ணி வேணாம்! தண்ணி வேணாம்!” என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அடுத்த நொடி, கை கழுவும் டிரம்மிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை மொண்டு தீயில் வீசினார்.

வெடித்த சத்தத்தில் நான் கீழே விழுந்துவிட்டேன். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். அவர் முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தார்.

சென்னை ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனபோது, வலது கண்ணில் இனிமேல் பார்வை வராது என்று சொல்லிவிட்டிருந்தார்கள். என் குரலைக் கேட்டதும், “நீதானம்மா தண்ணி தண்ணின்னு கத்திக்கினு வந்தே? அதான் மொண்டு ஊத்திட்டேன். நெருப்பு அணைஞ்சிச்சா?” என்றார்.

“தண்ணி வேணாம்னுதாண்ணா கத்துனேன்” என்றேன். பக்கத்தில் இருந்த அவர் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தார். டிரைவரோ, “பரவால்லம்மா. நீ வாயத் தொறக்காம இருந்தாகூட நான் தண்ணிதான் ஊத்தியிருப்பேன். நெருப்பப் பாத்தா வேற இன்னா தோணும்?” என்றார்.

வேன் ஓட்டுவதை அவர் விட்டுவிட்டார். இப்போது ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்கிறார். அந்த வழியாகப் போனால் நின்று பேசாமல் வர எனக்கு மனம் வராது.

அன்று அவர் சொன்னது நிஜமா, என் மனம் ஆற வேண்டும் என்பதற்காகச் சொன்னதா என்று கேட்க எனக்கு இன்றுவரை துணிவில்லை. ஆனால் இடது கண்ணால் பார்ப்பதற்காக அவர் முகத்தை முழுக்கத் திருப்பி என்னை அடையாளம் கண்டு சிரிக்கும் ஒவ்வொரு முறையும், ‘மணல்’ என்று ஒரே ஒரு வார்த்தை கத்தியிருக்கலாமே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.