பனிக்குள் கேட்ட வளையல்

ஹுன்னஸ்கிரிய மலையூரில் காட்டுப்பன்றிகளிடமிருந்து போஞ்சிப் பாத்திகளைக் காத்தவள், பன்றி இறைச்சியை வாழ்நாளில் தொட்டறியாத கைரியா. கணவருக்குப் பின் அவருடைய துவக்கு முறைப்படி அவள் பெயருக்கு வந்தது. சுட்டு வீழ்த்திய மிருகத்தைத் திரும்பியும் பாராமல் வீட்டுக்குப் போய்விடுவாள். வேண்டியவர்கள் தூக்கிக்கொண்டு போவார்கள்.

இந்த வருடம் அவளுடைய வலக்கண்ணில் படலம் விழுந்தது. சத்திரசிகிச்சைக்குக் கண்டி ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்துவிட்டார்கள். அவள் படுத்துக்கொண்டால் ஊரில் அத்தனை குடும்பத்தின் பயிருக்கும் காவல் யார்?

விவசாய சங்கத் தலைவர் ராஜலிங்கம் புதியவர்களைச் சேர்க்க ஒரு பயிற்சித் திட்டம் போட்டார். வந்தவருக்குத் தொப்பியும் சோற்றுப் பார்சலும். சுட்டவருக்கு ஒரு பன்றித் தொடை. மண்டபத்தில் கதிரை போதவில்லை.

"பாத்தீங்களா அக்கா, எத்தன பேரு!" என்றார் ராஜலிங்கம் கைரியாவிடம்.

"தொடைக்கு வந்திரிக்காங்க. காவலுக்கு வந்தவன் யாரெண்டு வெளங்கல்ல."

"ஒங்களுக்கென்ன, நீங்க திங்க மாட்டீங்க," என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, மண்டபமே சிரித்தது. கைரியாவும் சிரித்தாள்.

முதல் காவல், வந்தவர்களில் ஒருவனான அழகமுத்துவுக்கு. புறப்படும்போதே மனைவி கமலத்திடம், "கறிக்கு மொளகு தட்டி வச்சிரு" என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

விடிகிற நேரம். மலையே தெரியாத பனி. வேலி அருகே கறுப்பாக ஒன்று குனிந்து உள்ளே நுழைந்தது. அழகமுத்து துவக்கைத் தூக்கிக் குறி பார்த்தான். விரல் விசைக்குப் போனது.

பக்கத்தில் இருந்த கைரியா தன் உள்ளங்கையால் துவக்கின் வாயைப் பொத்தினாள்.

"அக்கா, கைய எடுங்க. பன்னி போயிரும்."

"வளையல் போட்ட பன்னியா?"

அப்போதுதான் அவனுக்கும் கேட்டது, கண்ணாடி வளையலின் மெல்லிய சத்தம். பனியை விலக்கிக்கொண்டு கமலம் வந்தாள். குளிருக்குத் தலையோடு கறுப்புப் படங்குத் துணியைப் போர்த்தி, கையில் தேத்தண்ணிப் போத்தலுடன்.

"குளிருமேன்னு கொண்டாந்தேன்," என்றாள்.

பத்து வருடம் பக்கத்திலேயே கேட்ட வளையல் அது. கட்டியவனுக்குக் கேட்கவில்லை, பாதிப் பார்வையோடு இருந்தவளுக்குக் கேட்டது. குண்டுக்கும் கமலத்துக்கும் நடுவே இருந்தது ஒரு உள்ளங்கை மட்டும்தான்.

அழகமுத்து தொப்பியைக் கழற்றி மண்ணில் வைத்தான்.

"கை நடுங்குதுக்கா. என்னால ஏலாது. வேற ஆளப் பாருங்க."

"வேற ஆள் என்னத்துக்கு? இந்தக் கைய நம்பித்தான் நான் கண்டிக்குப் போறன்."

கண்ணில் கட்டோடு அவள் திரும்பி வந்த அன்று அழகமுத்து வேலியடியில் தலைகுனிந்து நின்றான். ஒரு பாத்தி முழுவதும் கிளறிக் கிடந்தது.

"பனியா இருந்திச்சுக்கா. என்னான்னு சரியாத் தெரியல. சுடாம தகரத்தத் தட்டுனேன்."

சிதைந்த கொடிகளைக் கைரியா பார்த்தாள். அது அவளுடைய சொந்தப் பாத்தி.

"போஞ்சி திரும்ப மொளைக்கும்," என்றாள். "கமலத்துக்கிட்டச் சொல்லுங்க, ஒரு தேத்தண்ணி போடச் சொல்லி."